ஓஃபா மன்னரின் தீனார்

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள பொற்காசு ஒன்றின் ஒருபுறம் ஏகத்துவக் கலிமா அரபியில் பொறிக்கப்பட்டுள்ளது. மறுபுறம், 'முஹம்மதுர் ரஸூலுல்லாஹ்' என்னும் வரிகளுக்கிடையே 'ஓஃபா மன்னர்' என இலத்தீன் எழுத்துகள் காணப்படுகின்றன. ஓஃபா, இங்கிலாந்தின் மெர்சியா நாட்டை கி.பி. 757 முதல் 796 வரை ஆண்டவர். இக்காசைச் சான்றாக்கி, அவர் இஸ்லாத்தைத் தழுவினார் என்பாரும் உளர்.

காசைக் கூர்ந்து நோக்கினால் உண்மை விளங்கும். அரபி வரிகளுக்கு மன்னர் பெயர் தலைகீழாக நிற்கிறது. அரபியிலும் பிழைகள் மலிந்துள்ளன. அதிலுள்ள ஹிஜ்ரி 157 (கி.பி. 773–774), அப்பாஸியக் கலீஃபா அல்மன்சூரின் ஆட்சிக்காலம். அவருடைய தீனாரை, அரபி அறியாத கம்மியர் பார்த்துச் செதுக்கியுள்ளார். ஓஃபாவின் வெள்ளிக்காசுகள் பலவற்றில் சிலுவையே உள்ளது.

தொலைதூர நாட்டு மன்னரும் முன்மாதிரியாகக் கொள்ளுமளவு தீனார் மதிப்புற்றிருந்தது என்பதே இக்காசு கூறும் செய்தி. அதற்குமேல் நாம் எதையும் ஏற்றிக் கூறுதல் தகாது.