சிறுநீரகம் மீண்டும் வளருமா?

வெட்டிய வாழை மீண்டும் தழைக்கிறது. பல்லியின் அறுந்த வால் மீண்டும் வளர்கிறது. அப்படியானால், மனிதனிடமிருந்து எடுக்கப்பட்ட சிறுநீரகமும் மீண்டும் வளருமா? மாணவர்களே, இது தேர்வுக்குரிய கேள்வி மட்டுமன்று. இதற்குத் தவறான விடை கூறி ஏழை மக்களை ஏமாற்றியவர்கள் உண்டு.

நேபாளத் தலைநகரான காட்மாண்டுவுக்குக் கிழக்கே ஹொக்சே என்னும் கிராமம் உள்ளது. தரகர்கள் அங்குள்ள ஏழைகளை இந்தியாவுக்கு அழைத்து வந்து, அவர்களுடைய சிறுநீரகங்களை எடுக்கச் செய்தனர். "எடுத்த சிறுநீரகம் மறுபடி வளர்ந்துவிடும்" என்று தம்மிடம் கூறப்பட்டதாகப் பலர் பின்னர் தெரிவித்தனர்.

அறிவியல் கூறும் விடை

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. இவை நுண்ணிய வடிகட்டிகள். இரத்த அழுத்தமே இரத்தத்திலுள்ள நீரை இவற்றின் வழியே தள்ளுகிறது. இரு சிறுநீரகங்களும் சேர்ந்து நாள்தோறும் சுமார் 180 லிட்டர் வடிக்கின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகிறது; மற்றதெல்லாம் இரத்தத்திற்கே திரும்புகிறது.

நெஃப்ரான்கள் நாம் பிறக்கும் முன்பே உருவாகி முடிந்துவிடுகின்றன. அதன்பின் புதிதாக ஒன்றுகூடத் தோன்றுவதில்லை. கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டினால் அது வளரும், சிறுநீரகம் அத்தகையதன்று. ஒன்றை எடுத்தபின், மற்றொன்று சற்றுப் பருத்துக் கூடுதல் வேலையைச் செய்கிறது. அவ்வளவுதான்.

நல்ல உடல்நலமுள்ள ஒருவர், முறையான சோதனைகளுக்குப் பின் தம் உறவினருக்கு ஒரு சிறுநீரகம் அளித்துவிட்டு, மருத்துவரின் கண்காணிப்பில் நலமாக வாழ இயலும். ஆனால் தரகர், பணம் கைமாறியதும் மறைந்துவிடுகிறார். பின்னர் வரும் நோய்க்கு யார் பொறுப்பு?

சந்தை எப்படித் தோன்றியது?

1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே என்ற மருத்துவரின் குழுவினர், ஒருவருடைய சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தி வெற்றி கண்டனர். இருவரும் உருவொத்த இரட்டையர்; ஆகவே உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்கவில்லை. 1980-களில் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. அது உடலின் எதிர்ப்பை அடக்கியதால், உறவினர் அல்லாதவரின் சிறுநீரகமும் நன்கு பொருந்தலாயிற்று. எண்ணற்ற உயிர்களைக் காத்த மருந்து அது. எனினும், முன்பின் அறியாத ஏழையின் உடலைத் தேடித் தரகர் செல்வதற்கும் அப்போதே வழி பிறந்தது.

கடன் தீர்ந்ததா?

சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் 2001-இல் சென்னையில் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனை அடைப்பதற்காகவே விற்றவர்கள். விற்றுச் சராசரியாக ஆறாண்டுகள் ஆகியும், அப்படி விற்றவர்களில் 74 விழுக்காட்டினருக்குக் கடன் இருந்தது. குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 விழுக்காட்டினர் தம் உடல்நலம் குன்றியதாகக் கூறினர். உழைக்கும் உடல் தளர்ந்தால் வருமானம் குறைவதும், கடன் மீண்டும் சேர்வதும் இயல்புதானே!

"அவரே சம்மதித்தாரே!"

தரகர்கள் கூறும் சாக்கு இது. உறுப்பை எடுப்பதற்காக ஒருவரை ஏமாற்றியோ, அவருடைய இயலாத நிலையைப் பயன்படுத்தியோ அழைத்துச் செல்வது ஆட்கடத்தலே என்றும், அவ்வாறு பெற்ற சம்மதம் செல்லாது என்றும் 2000-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை கூறுகிறது. கை கால்களைக் கட்டித் தூக்கிச் சென்றால்தான் கடத்தல் என்பதில்லை.

இந்தியாவில் உறுப்பு வணிகத்தை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2011-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி இதற்குத் தண்டனை 5 முதல் 10 ஆண்டுகள் வரை சிறை. அபராதம் 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை. உறவினர் அல்லாதவர் அன்பின் காரணமாக உறுப்பு அளிக்க விரும்பினால், அரசு அமைத்த குழு விசாரித்து அனுமதிக்க வேண்டும். போலி ஆவணங்களைக் காட்டி இக்குழுவையே ஏமாற்றுவது தரகர்களின் தந்திரம். 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில், கடன்பட்ட விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகம் விற்க நேர்ந்ததாகப் புகார்கள் எழுந்து விசாரணை தொடங்கியது. ஆகவே இது பழங்கதையன்று.

நோயாளிகளின் தேவையும் உண்மையானதே. அதற்கு நேர்வழி, மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை அவர்களின் குடும்பத்தார் தானமாக அளிப்பது. அத்தானம் பெருகினால் தரகருக்கு வேலை குறையும்.

உங்கள் ஊரில் யாரேனும் "ஒரு சிறுநீரகம் போனால் என்ன, பணம் கிடைக்குமே" என்று ஆசை காட்டினால், நெஃப்ரான் மீண்டும் வளராது என்பதைப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். 112 என்ற எண்ணில் காவல்துறைக்குத் தகவல் கொடுக்கச் செய்யுங்கள். நீங்கள் கற்ற பாடம் ஒரு குடும்பத்தைக் காக்கக்கூடும்.