காந்த ஊசியும் கலத்தின் இரும்பும்: 'விலக்கம்' பற்றிய ஒரு விளக்கம்

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்திலுள்ள செடெனாக், தோட்டங்களும் இருப்புப்பாதையும் சூழ வளர்ந்த உள்நாட்டு ஊராகும். இத்தகைய தோட்டப்புறத் தமிழருள் பலரின் முன்னோர் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறி இம்மண்ணை அடைந்தனர். அவர்களைச் சுமந்துவந்த நீராவிக் கப்பல்களின் உடல் இரும்பாலும் எஃகாலும் ஆனது. அவ்வுடலே திசைகாட்டியின் ஊசியைப் பிறழச் செய்யும் ஆற்றல் உடையது. இப்பிறழ்வையும் புவிக்காந்தத்தால் விளையும் வேறுபாட்டையும் 'விலக்கம்' என ஒரே சொல்லால் குறிப்பதுண்டு. இவ்விரண்டையும் பிரித்துணர்த்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒதுக்கமும் விலக்கமும்

புவியியல் வடக்கிற்கும் காந்த வடக்கிற்கும் இடைப்பட்ட கோணத்தைக் 'காந்த ஒதுக்கம்' எனத் தமிழகப் பாடநூல்கள் வழங்குகின்றன. ஓரிடத்தில் நிற்கும் கலங்கள் அனைத்திற்கும் அது பொதுவானது. ஜொகூர்ப் பகுதியில் இன்று அது ஒரு பாகைக்கும் குறைவு. கலத்தின் இரும்பால் ஊசி காந்த வடக்கினின்று பிறழும் கோணமோ கலத்திற்குக் கலம் மாறும். ஒரே கலத்திலும் அது நோக்கும் திசைக்கேற்ப மாறும். இதனை மட்டுமே 'விலக்கம்' என வழங்குதல் பொருந்தும் என்பது நம் கருத்து. சுருங்கக் கூறின், ஒதுக்கம் இடத்திற்குரியது; விலக்கம் கலத்திற்குரியது.

காரணங்கள்

விலக்கத்திற்கு இரு காரணங்கள் உள. கட்டுமானத் தளத்தில் சம்மட்டி அடிபடும் எஃகு, புவிக்காந்தப் புலத்தின் திசையில் காந்தமேறி அதனைப் பெரிதும் தக்கவைத்துக்கொள்கிறது. கலம் திரும்பும்போது இக்காந்தமும் உடன் திரும்புகிறது. மற்றொன்று, தேனிரும்பில் புவிப்புலம் தூண்டும் தற்காலிகக் காந்தம். இது கடல்வழியில் இடத்திற்கிடம் மாறும். சென்னையில் தடையின்றித் தொங்கும் ஊசியின் வடமுனை கீழ்நோக்கிச் சாயும். சிங்கப்பூரில் மேல்நோக்கி எழும். இவ்விரு துறைகளுக்கும் இடையே காந்த நடுக்கோடு அமைந்துள்ளது. எனவே, அப்பயணத்தில் செங்குத்தான இரும்புத் தூண்களில் தூண்டப்படும் முனைகள் தலைகீழாகும். ஒரு துறையில் செய்த திருத்தத்தை மறு துறையிலும் மீளச் சோதிக்க வேண்டியதன் காரணம் இதுவே.

வரலாற்றுப் பின்னணி

மேத்யூ பிளிண்டர்ஸ் 1801 முதல் 1803 வரை மேற்கொண்ட ஆஸ்திரேலியப் பயணத்தில், மரக்கலத்திலும் இப்பிறழ்வு திசைக்கேற்ப மாறுவதைக் கண்டார். செங்குத்து இரும்பின் விளைவை ஈடுசெய்யும் தண்டு இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. 1838இல் ஜார்ஜ் ஏரி 'ரெயின்போ' என்னும் இரும்புக் கப்பலில் ஆய்வு நிகழ்த்தி, காந்தங்களையும் இரும்பையும் கொண்டு விலக்கத்தை ஈடுசெய்தார். 1854இல் அயர்லாந்துக் கரையோரம் 'டெய்லர்' கப்பல் மோதி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். திசைகாட்டிப் பிழையும் அதன் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்பட்டது. நம் வட்டாரத்தில், சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த சார்ல்ஸ் எலியட் 1841 முதல் 1845 வரை சிங்கப்பூரில் காந்த நோக்ககம் நடத்திப் பின்னர்த் தீவுக்கூட்டங்களையும் அளந்தார்.

நடைமுறைப் பயன்

4 பாகை விலக்கத்தைக் கருதாது, மணிக்கு 15 கடல்மைல் விரைவில் ஒரு மணி நேரம் செல்லும் கலம் ஏறத்தாழ ஒரு கடல்மைல் வழிவிலகும். சிங்கப்பூர் நீரிணை போன்ற ஒடுங்கிய நீர்வழியில் அவ்வளவே விபத்திற்குப் போதுமானது. சிறு மீன்பிடிப் படகுகளில் இயந்திரம், ஒலிபெருக்கி, கைப்பேசி, இரும்புக் கத்தி ஆகியன திசைகாட்டியின் அருகில் இருத்தலாகாது. நேர்மின்னோட்டக் கம்பிகள் இரண்டையும் முறுக்கிச் சேர்த்தால் அவற்றின் புலங்கள் பெரிதும் ஒன்றையொன்று நீக்கும். செயற்கைக்கோள் வழிகாட்டி மின்சாரமின்றிச் செயலிழக்கும் வேளையிலும் காந்த ஊசி இயங்கும்.

முடிவுரை

இரும்பு மேசைமீது திசைகாட்டியை வைத்துச் சற்றே நகர்த்திக் காட்டினால், கடலைக் காணாத மாணவரும் விலக்கத்தைக் கண்ணால் காண்பர். அப்போது ஆசிரியர் கூறும் சொல் ஒன்றையே குறிக்குமாயின் கருத்து தெளிவாகப் பதியும். ஒதுக்கம், விலக்கம் ஆகிய இரு சொற்களும் நம்மிடம் உள்ளன. அவற்றை வரையறுத்து ஆளுதல் தமிழாசிரியர் அனைவரின் பொறுப்பாகும்.