தெரியுமா? வௌவால் தலைகீழாய்த் தொங்கினால் பாக்கியம்!

வௌவால் அடைந்த வீடு என்றால் நமக்குப் பாழடைந்த வீடு. பழைய சீனத்திலோ, காசைக் கொட்டிக் கதவிலும் கட்டிலிலும் வௌவாலைச் செதுக்கி வைத்தார்கள், தெரியுமா? எல்லாம் சிலேடை! சீன மொழியில் வௌவாலும் ‘ஃபூ’, பாக்கியமும் ‘ஃபூ’. தலைகீழாகச் செதுக்கினால் இன்னும் விசேஷம். ‘தலைகீழ்’ என்ற சொல்லும் ‘வந்து சேர்ந்தது’ என்ற சொல்லும் காதுக்கு ஒன்றே. ஆக, பாக்கியம் வீடு வந்து சேர்ந்துவிட்டது!

குதிரை மேல் ஒரு குரங்கு, பக்கத்தில் ஒரு தேனீ. விளையாட்டுப் படமா? இல்லவே இல்லை! ‘குதிரை மேல்’ என்ற சீனச் சொல்லுக்கு ‘உடனே’ என்றும் பொருள். குரங்கின் பெயரும் பிரபுவின் பெயரும் ஒரே ஒலி. தேனீயின் பெயர், பட்டம் சூட்டுவது போல ஒலிக்கும். ‘சீக்கிரமே பிரபுப் பட்டம் கிடைக்கட்டும்’ என்று அந்த மரப்பலகை வாழ்த்துகிறது!

சாவ்ஜோ தச்சர்களின் நண்டுக்கூடையை என்னவென்று சொல்வது! மூங்கில் கூடை, அதன் மேல் ஏறும் நண்டுகள், பின்னல் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தால் உள்ளேயும் நண்டுகள். உள்ளே இருப்பதைத் தனியாகச் செய்து திணித்திருப்பார்கள் என்றுதானே தோன்றும்? கூடை, நண்டு எல்லாமே ஒரே கற்பூர மரக்கட்டை! கூடையின் கண்களுக்குள் உளியை விட்டு, வேண்டாத மரத்தைத் துளித்துளியாகச் சுரண்டி எடுத்து, உள்ளேயே காலும் கொடுக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். கை ஒருமுறை நழுவினால் ஒரு கால் போச்சு, ஒட்டவைக்க வழியில்லை. இந்த ஊர் வேலைப்பாட்டுக்கு மரப்பால் மெருகு பூசி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டுவது வழக்கம். தோங்யாங் ஊர்க்காரர்கள் இதற்கு நேர் எதிர்: தங்கமும் வேண்டாம், சாயமும் வேண்டாம், மரத்தின் ரேகையே போதும்!

நிங்போ பக்கத்தில் ‘ஆயிரம் வேலைநாள் கட்டில்’ என்றே ஒன்று உண்டு. ஒரே ஆள் செய்தால் ஆயிரம் நாளாகுமாம். கிட்டத்தட்ட மூன்று வருஷம்! கட்டில் என்பதைவிடச் சின்ன அறை என்பதுதான் சரி. சுற்றிலும் செதுக்கிய தடுப்பு, மேலே கூரை, படுக்கைக்கு முன்னால் கால் வைக்க ஒரு குட்டித் தாழ்வாரம்.

என்னைக் கட்டிப்போட்டது அன்ஹுய் மாகாணத்து ஹோங்சுன் கிராமம். வாங் டிங்குய் என்ற உப்பு வியாபாரி 1855 வாக்கில் கட்டிய செங்ஜி தாங் என்ற வீட்டில், ஓர் உத்திரம் முழுக்க அரசவை விருந்து. தாங் வம்சத்துப் பேரரசர் அதிகாரிகளுக்குக் கொடுக்கும் விருந்து அது. சிலர் சதுரங்கம் ஆடுகிறார்கள், சிலர் இசை மீட்டுகிறார்கள். ஓரத்துக்கு வாருங்கள்: ஒரு பையன் அடுப்பில் தேநீருக்கு வெந்நீர் வைக்கிறான். மறு ஓரத்தில் ஓர் அதிகாரிக்கு நாவிதர் காது குடைந்துகொண்டிருக்கிறார்! பேரரசரைச் செதுக்கிய அதே சிரத்தை இந்தக் காதுக்கும்!

இதெல்லாம் எப்படித் தப்பியது தெரியுமா? கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் பழைய சிற்பங்களைத் தேடித்தேடி உடைத்தார்கள். அப்போது இந்த வட்டாரத்து ஜனங்கள் செதுக்கல்களின் மேல் களிமண்ணை அப்பி மறைத்தார்கள். மேலே மாவோவின் வாசகங்களையும் எழுதி வைத்தார்கள். மாவோவின் எழுத்தில் யார் கைவைப்பார்? மண்ணுக்குள் பத்திரமாக இருந்த அந்த மரம் பிறகு வெளியே வந்தது. 2000இல் ஹோங்சுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது!