வண்ணம் மங்கிய மீனுக்கும் வாழ்வு உண்டு!

பெருநாள் காசில் பிள்ளைகள் ஆசையுடன் வாங்கி வந்த ‘ஃபைட்டர்’ மீன் ஒன்று உங்கள் இல்லத்திலும் இருக்கக்கூடும். பட்டுத்துணியை விரித்தாற்போல் துடுப்புகளை அசைத்து நீந்தும் அந்தச் சிறு மீனை முதல் ஆண்டில் வீடே சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறது. இரண்டாம் ஆண்டு கடந்ததும் அதன் நிறம் மங்குகிறது. துடுப்பின் ஓரங்கள் நைந்து போகின்றன. பகலின் பெரும்பகுதி தொட்டியின் அடியிலேயே கிடக்கிறது. “இது இனித் தேறாது, கண்மாயில் விட்டுவிடலாம்” என்ற பேச்சும் அப்போதுதான் எழுகிறது.

அந்த முடிவுக்கு வருமுன் சற்றுச் சிந்தியுங்கள். உங்கள் மீனுக்கு நோய் எதுவும் இல்லாமல் இருக்கலாம், அதற்கு வயதாகியிருக்கலாம். முதுமை மருந்தால் தீர்வதன்று. ஆயினும் நம் பராமரிப்பால் அதனை எளிதாக்க இயலும்.

தாயகம் எது?

சண்டை மீன் என்றும் அழைக்கப்படும் இம்மீனின் தாயகம் தாய்லாந்து. நெல் வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் வாழும் இதற்கு, 1910ஆம் ஆண்டு ஆங்கிலேய விலங்கியல் அறிஞர் சார்லஸ் டேட் ரீகன் ‘பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ்’ எனப் பெயரிட்டார். 2019இல் தாய்லாந்து அரசு இதனைத் தன் நாட்டின் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. மனிதர் இதனை வளர்க்கத் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளேனும் ஆகியிருக்கும் என்று 2022இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று கூறுகிறது.

இயற்கையில் வாழும் மீனுக்குத் துடுப்பு சிறியது, நிறமும் மங்கலானது. நாம் கண்டு மகிழும் நீண்ட துடுப்பும் பளிச்சிடும் வண்ணமும் மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் வந்தவை. தமிழகத்தில் வண்ணமீன் வளர்ப்புக்கும் வணிகத்துக்கும் பெயர்பெற்றது சென்னையின் கொளத்தூர். கடையில் சிறு குப்பிக்குள் நாம் காணும் ஆண் மீன், பெரும்பாலும் சில மாதங்கள் வளர்ந்த பின்னரே விற்பனைக்கு வருகிறது. அதன் ஆயுளோ பொதுவாக இரண்டு முதல் நான்கு ஆண்டுகளே. ஆகவே, நம் வீட்டில் அது இரண்டு பெருநாள்களைக் கண்டுவிட்டது என்றால், முதுமையின் வாசலில் நிற்கிறது என்று கொள்ளலாம்.

வரமே சுமையாகிறது

இம்மீனுக்குச் செவுள்கள் மட்டுமல்ல, தலைப்பகுதியில் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் தனி உறுப்பும் உண்டு. நம் பக்கத்துக் கண்மாய்களில் கிடைக்கும் பனையேறி மீனுக்கும் இதே அமைப்புத்தான் இருக்கிறது. தரங்கம்பாடியில் டேனியர் படையில் பணியாற்றிய டால்டார்ஃப் என்பவர், பனை மரத்தில் ஏறிய அம்மீனைக் கண்டதாக எழுதிய குறிப்பு 1797இல் இலண்டனில் வெளியாயிற்று. நீரை விட்டு வெளியே வந்தும் அது உயிர்தரித்திருப்பது இவ்வுறுப்பின் துணையால்தான்.

மூச்சுக்காற்றுக் குறைந்த நீரிலும் பிழைக்கும் இந்த ஆற்றலே சண்டை மீனைக் குப்பியில் அடைத்து விற்கக் காரணமாயிற்று. “இதற்கு ஒரு குப்பி போதும்” என்று கடைக்காரர் சொல்வதும் இதனை வைத்தே. ஆனால் பிழைத்திருப்பது வேறு, நலமாக வாழ்வது வேறு அல்லவா? மேலும், இம்மீன் அடிக்கடி மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கியே தீரவேண்டும். இளமையில் அது ஒரு துள்ளலில் முடியும் காரியம். முதுமையில், நீண்ட துடுப்பின் பாரத்தையும் இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் ஆழத்திலிருந்து ஏறிவருவது பெரும் உழைப்பாகிவிடுகிறது. இதனை உணர்ந்துகொண்டால் என்ன செய்யவேண்டும் என்பது தானே விளங்கும்.

மேற்பரப்பை அருகில் கொண்டு வாருங்கள்

முதலாவதாக, நீரின் உயரத்தைக் குறையுங்கள். 15 முதல் 20 லிட்டர் கொள்ளும் அகலமான தொட்டியில், ஏறத்தாழ ஒரு சாண் உயரத்துக்குக் குறைவாகவே நீர் இருக்கட்டும். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மீன் சாய்ந்து இளைப்பாற அகன்ற இலையுடைய நீர்ச்செடி ஒன்றை வையுங்கள். நீர் வடிகட்டும் கருவி இருந்தால் அதன் வேகத்தைத் தணியுங்கள். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் வலிமை அதற்கு இப்போது இல்லை. கூரிய முனையுள்ள கற்களையும் பிளாஸ்டிக் செடிகளையும் அகற்றிவிடுங்கள். நைந்த துடுப்பு மேலும் கிழியாமல் இருக்கும்.

நாட்டு வாதுமை மரத்தின் உதிர்ந்து காய்ந்த இலையைச் சண்டை மீன் வளர்ப்போர் நெடுங்காலமாகப் பயன்படுத்துகின்றனர். அதனை நன்கு கழுவி ஓர் இலை மட்டும் தொட்டியில் இடுங்கள். நீர் தேநீர் நிறம் பெறுவது கண்டு அஞ்சவேண்டாம். இலையில் ஊறி இறங்கும் துவர்ப்புப் பொருள் கிருமிகளை ஓரளவு கட்டுப்படுத்தும். இலை மட்கத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள்.

நீரும் வெயிலும்

மீனைக் குவளையில் எடுத்து வைத்துவிட்டு, தொட்டியை முழுவதும் கழுவிப் புதுநீர் நிரப்புவது நம் வீடுகளின் வழக்கம். முதிய மீனுக்கு இது பேரதிர்ச்சி. மீனைத் தொடாமல், வாரத்துக்கு இருமுறை சிறிதளவு நீரை மட்டும் எடுத்துவிட்டு, அதே அளவு புதுநீரை மெதுவாக ஊற்றுங்கள். மாநகராட்சிக் குழாய்நீரில் குளோரின் கலந்திருக்கும். வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் வைத்திருந்தோ, வண்ணமீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைக் கலந்தோ பயன்படுத்தலாம். இன்று ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீர், நாளை கேன் தண்ணீர் என்று மாற்றி மாற்றி ஊற்றாதீர்கள். நீரின் தன்மை திடீரென மாறுவதே பெரும் கேடு.

மீனின் உடற்சூடு நீரின் சூட்டைப் பொறுத்தது. 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை அதற்கு ஏற்றது. மதுரையின் கத்திரி வெயிலோ 40 டிகிரியைத் தொடுகிறது. நண்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் கொதிநீரை ஒருபோதும் ஊற்றலாகாது. தொட்டியை மேற்குச் சுவரோரத்திலிருந்து அகற்றி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்து, சுற்றிலும் ஈரத்துணி போர்த்தலாம். பனிக்கட்டி போடவேண்டாம். மார்கழி, தை மாத விடியற்காலையில் வெப்பம் 20 டிகிரி வரை இறங்கும்போது இம்மீன் சோர்ந்து உண்ணாது. அப்போது சன்னலோரத்திலிருந்து தள்ளி வையுங்கள். வசதியுள்ளவர்கள் தானே நின்று எரியும் சிறு வெப்பக்கருவியைப் பொருத்தலாம். வெப்பமானி ஒன்று இரு காலங்களிலும் உதவும்.

உணவும் பார்வையும்

முதிய மீனின் செரிமானம் மந்தமாகும், பார்வையும் குன்றும். ஆகவே உணவைக் குறைத்து, மென்மையாக்கிக் கொடுங்கள். உருண்டைத் தீனியைத் தொட்டி நீரில் சில நிமிடங்கள் ஊறவைத்து, ஒவ்வொன்றாக அதன் முகத்தருகே இடுங்கள். நாள்தோறும் அதே நேரத்தில், அதே இடத்தில் கொடுத்தால் தேடி அலையாது. உண்ணாமல் மிஞ்சியதை மருந்துச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். அழுகும் தீனியே நீரை நஞ்சாக்குகிறது.

கண்ணாடியைக் காட்டி மீனைச் சீற வைப்பது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. எதிரி வந்துவிட்டதாக எண்ணி அது தன் வலிமையையெல்லாம் செலவிடுகிறது. இனி அது வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். இரவில் விளக்கை அணைத்து அதனை உறங்கவிடுங்கள்.

முதுமையா, நோயா?

மாதக்கணக்கில் மெல்ல வரும் மாற்றம் பெரும்பாலும் முதுமை. நிறம் மங்குதல், முதுகு சற்று வளைதல், அதிகம் ஓய்வெடுத்தல் ஆகியன இவ்வகை. ஓரிரு நாள்களில் திடீரென வருவது நோய். உடலில் வெண்புள்ளிகள், பொன்தூள் படிந்தாற்போன்ற படலம், வயிறு உப்பிச் செதில்கள் சிலிர்த்து நிற்றல் ஆகியன இவ்வகை. நோய் என்று தோன்றினால் முதலில் நீரைச் சீராக்குங்கள். கண்ட மருந்தையும் ஒருங்கே ஊற்றாமல் கால்நடை மருத்துவரிடம் ஆலோசனை பெறுங்கள். தளர்ந்த உடல் மருந்தின் வீரியத்தையும் தாங்காது.

கண்மாயில் விடுவது விடுதலையா?

“அடைத்து வைப்பதைவிடத் திறந்துவிடுவது நன்மையல்லவா?” என்று சிலர் கேட்கலாம். குப்பியிலும் தொட்டியிலும் வளர்ந்து, பார்வை குன்றி, நீண்ட துடுப்பை இழுத்து நீந்தும் மீன், விராலும் மீன்கொத்தியும் கொக்கும் உள்ள கண்மாயில் எத்தனை நாள் தாங்கும்? அதனுடன் செல்லும் நோய்க்கிருமி அங்குள்ள மீன்களையும் தாக்கலாம். தொட்டி அழுக்கைத் தின்பதற்கென்று வாங்கி, பெரிதானதும் நீர்நிலைகளில் விடப்பட்ட தென்னமெரிக்க ‘சக்கர்’ மீன்கள் இன்று தமிழகத்து ஏரிகளில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்து வருகின்றன. நல்லெண்ணத்தில் செய்த காரியமும் தீங்காகலாம் என்பதற்கு இதுவே சான்று.

பூனையை அடைத்துவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை அறிந்தவர்கள் நாம். அடைபட்ட உயிர் தன் இரையைத் தானே தேடிக்கொள்ள இயலாது. அதன் பசியும் மூச்சும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அழகு இருந்தவரை வைத்திருந்து, அழகு போனதும் அகற்றிவிடும் பழக்கத்தைப் பிள்ளைகள் நம்மிடமிருந்து கற்றுக்கொள்ளக் கூடாது.

ஒருநாள் அந்த மீன் அசைவற்றுக் கிடக்கும். இரவோடிரவாக அதே நிறத்தில் வேறொன்றை வாங்கி வைத்துப் பிள்ளைகளை ஏமாற்றாதீர்கள். கழிப்பறையிலும் கொட்டிவிடாதீர்கள். “அதற்குரிய காலம் முடிந்தது; நாம் நன்றாகவே பார்த்துக்கொண்டோம்” என்று உண்மையைக் கூறி, பூந்தொட்டி மண்ணில் அவர்கள் கையாலேயே புதைக்கச் செய்யுங்கள். தளர்ந்த உயிரிடம் பொறுமையாக இருப்பது எப்படி என்பதை அச்சிறு மீனிடம் கற்ற பிள்ளை, நாளை தளர்ந்துபோகும் நம்மிடமும் அப்பொறுமையைக் காட்டும்.