பெயர் ஒன்று, பவளம் பல

பவளம் என்றதும் நம் வீட்டுப் பெண்களுக்கு நினைவு வருவது தாலிச் சரட்டில் கோத்த சிவப்பு மணிதான். நகைக்குப் பேர்போன அந்தச் சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடலில் விளைவது. பாறை கட்டும் வகை அல்ல. நான் சொல்ல வந்தது பவளப்பாறையைக் கட்டும் பவளத்தை. இராமேசுவரம் பக்கம் முருகைக்கல் என்பார்களே, அது. பார்த்தால் கல்லும் செடியும் மாதிரி இருக்கும். ஆனால் அது விலங்கு. மிகச் சிறிய உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சுண்ணாம்புக் கிண்ணம் கட்டிக்கொள்கிறது.

இதில் ‘இது புது இனம்’ என்று எப்படித்தான் சொல்கிறார்கள்? நாற்பது வருஷம் அரிசி மண்டி நடத்தியவன் நான். பேரம் முடிந்ததும் ஒரு பிடி அரிசியைப் பொட்டலம் கட்டி முத்திரையிட்டு வைப்போம். லோடு இறங்கும்போது தகராறு வந்தால் வாய்ப்பேச்சு செல்லாது. பொட்டலத்தைப் பிரிக்க வேண்டியதுதான். விலங்கியலாரும் இதையேதான் செய்கிறார்கள். இனத்துக்குப் பெயர் வைப்பவர் ஒரு மாதிரியைக் குறிப்பிட்டு அருங்காட்சியகத்தில் ஒப்படைப்பது முறை. பெயர் அந்த மூல மாதிரியோடு கட்டுண்டது. அது கிடைத்த இடமும் முக்கியம்.

புதிது என்று தோன்றினால், முதலில் நீருக்கடியிலேயே படம் எடுத்து, சிறு கிளையை வெட்டுவார்கள். ஒரு துண்டு மரபணுச் சோதனைக்குப் போகும். மீதியைப் பிளீச்சில் ஊறவைத்தால் சதை கழன்று வெள்ளைக் கூடு மிஞ்சும். கிண்ணத்தின் விட்டம், உதட்டின் வடிவம், உள்தடுப்புகள் எல்லாம் அளந்து பழைய மூல மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். எதனோடும் பொருந்தவில்லை என்றால்தான் இரட்டைப் பெயர் சூட்டி, விவரத்தோடு அச்சிடலாம். முன்பே யாராவது பெயர் வைத்திருந்தால் பழைய பெயருக்கே முதலுரிமை.

சொல்வது சுலபம். ஒரே இனம் அலையடிக்கும் இடத்தில் கட்டையாகவும், அமைதியான நீரில் நீண்டும் வளரும். வெவ்வேறு இனங்கள் ஒன்று போலவும் இருக்கும். ஆகவே கண் ஏமாறும்.

ஓர் உதாரணம். அமெரிக்கரான ஜேம்ஸ் டுவைட் டேனா, பிஜித் தீவுகளில் கிடைத்த கிளைப்பவளம் ஒன்றுக்கு 1846-இல் வைத்த பெயர் இன்று அக்ரோபோரா தெனுயிஸ் என்று வழங்குகிறது. ‘தெனுயிஸ்’ என்றால் இலத்தீனில் மெல்லியது. பின்னால் இந்துமாக்கடல் முதல் பசிபிக் வரை எங்கே இதைப் போலக் கண்டாலும் இதே பெயர்தான். 2023-இல் டாம் பிரிட்ஜ் குழுவினர், மூல இடங்களுக்கே போய் எடுத்த மாதிரிகளையும் சேர்த்து, 2,032 மரபணுப் பகுதிகளை ஒப்பிட்டார்கள். இந்தப் பவளத்தையும் அதன் உறவுகளையும் கொண்ட கூட்டத்தில் குறைந்தது 11 தனி வழிகள் தெரிந்தன. அவற்றில் நான்குதான் அதுவரை ஏற்கப்பட்டிருந்த இனங்கள்! ரொங்கோய், தெனுயிசிமா என்று இரண்டு புது இனங்களை விவரித்தார்கள். வேண்டாமென்று ஒதுக்கியிருந்த ஐந்து பழைய பெயர்களுக்கும் உயிர் வந்தது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் தெனுயிஸ் என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதிவந்தது, ஜார்ஜ் புரூக் 1892-இல் பெயரிட்ட கென்டியாக இருந்தது.

பெயர் மாறினால் என்ன போச்சு என்று கேட்கலாம். கணக்கே மாறிப்போச்சு! பாதிக் கடலில் பரவிய இனம் என்றால் ஓரிடத்தில் அழிந்தாலும் வேறிடத்தில் மிஞ்சும். சிறு வட்டாரத்துக்கே உரியது என்றால் அங்கே அழிந்தால் அத்தோடு சரி. அந்த ரீஃபிலோ 2016, 2017, 2020, 2022, 2024 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளம் பரவலாக வெளுத்தது.

பேரேட்டில் ஒரே பெயரில் சரக்கு நிறைய இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தோம். மூட்டையைப் பிரித்தால் பல ரகம், ஒவ்வொன்றும் கொஞ்சம்தான். எது எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத வியாபாரி, எது தீர்ந்துபோனது என்றும் அறிய மாட்டான்.