தாடை எலும்பு ஒட்டு

தாடை எலும்பு ஒட்டு என்பது நோயாலோ விபத்தாலோ தாடை எலும்பின் ஒரு பகுதியை இழந்தவருக்கு, பெரும்பாலும் அவரது உடலின் வேறொரு பகுதியிலிருந்து எடுக்கப்படும் எலும்பைப் பொருத்திச் சீரமைக்கும் அறுவை மருத்துவம் ஆகும். புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்றுநோய் மிகுந்து காணப்படும் இந்தியாவில் இதன் தேவை அதிகம். 2021 இல் கோவிட்-19 நோயைத் தொடர்ந்து வந்த கருப்புப் பூஞ்சை நோயால் பலர் மேல்தாடையை இழந்தனர். அவ்வாண்டு மே மாதம் தமிழ்நாடு அரசு அதனை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது.

வகைகள்

குருதிக்குழாய் அற்ற ஒட்டு: பொதுவாக இடுப்பெலும்பிலிருந்து எடுக்கப்படுகிறது. ஏறத்தாழ 6 செ.மீ.க்கு உட்பட்ட இடைவெளிகளுக்கு ஏற்றது.

குருதிக்குழாய் உள்ள ஒட்டு: எலும்பு அதன் தமனி, சிரைகளுடன் எடுக்கப்பட்டு, நுண்ணோக்கியின் உதவியால் கழுத்துக் குருதிக்குழாய்களுடன் இணைக்கப்படுகிறது. கணைக்கால் வெளியெலும்பு இதற்கு மிகுதியாகப் பயன்படுகிறது. உடல் எடையின் பெரும்பகுதியை உள்ளெலும்பே தாங்குவதால், இதை எடுத்த பின்னரும் நடக்க இயலும். இம்முறையில் கீழ்த்தாடையைச் சீரமைத்ததை அமெரிக்க மருத்துவர் டேவிட் இடால்கோ 1989 இல் வெளியிட்டார்.

எலும்பு கூடும் விதம்

குருதிக்குழாய் அற்ற ஒட்டில் பெரும்பாலான உயிரணுக்கள் இறந்துவிடுகின்றன. சுற்றியுள்ள இழையங்களிலிருந்து புதிய குருதிக்குழாய்கள் உள்ளே வளர்கின்றன. பின்னர் எலும்பு அழிப்பு உயிரணுக்கள் பழைய எலும்பைக் கரைக்க, எலும்பாக்க உயிரணுக்கள் அவ்விடத்தில் புதிய எலும்பைப் படியச் செய்கின்றன. இதற்குப் பல மாதங்கள் ஆகும். குருதிக்குழாய் உள்ள ஒட்டு உயிருடனேயே இருப்பதால், அதன் முனைகள் சாதாரண எலும்பு முறிவைப் போலவே கூடுகின்றன.

அதுவரை தைட்டானியத் தகடும் திருகுகளும் எலும்புகளை அசையாமல் பிடித்து வைக்கின்றன. மெல்லும் விசை திரும்பத் திரும்பத் தாக்குவதால் தகடு நாளடைவில் களைப்புற்று உடையக்கூடும். எனவே தகடு தளரும் முன்பே எலும்பு கூடியாக வேண்டும்.

பாதிக்கும் காரணிகள்

கதிரியக்க மருத்துவம் குருதியோட்டத்தைக் குறைப்பதால் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது. ஆயினும் புற்றுநோயாளிகளுக்கு அதனை அறுவைக்குப் பின் சுமார் 6 வாரங்களுக்குள் தொடங்குவது விரும்பத்தக்கது. எலும்பு முழுமையாகக் கூடும்வரை காத்திருந்தால் புற்றுநோய் மீண்டும் வரும் வாய்ப்பு கூடும். இதனாலேயே இத்தகையோருக்குக் குருதிக்குழாய் உள்ள ஒட்டு விரும்பப்படுகிறது. புகைபிடித்தல், கட்டுப்படுத்தப்படாத நீரிழிவு, ஊட்டக்குறைவு, நோய்த்தொற்று ஆகியவையும் குணமடைவதைக் கெடுக்கின்றன.

பற்கள் பொருத்துதல்

ஒட்டு உறுதியாகக் கூடிய பின், அதில் தைட்டானியத் திருகு பதித்துச் செயற்கைப் பற்கள் பொருத்தலாம். எலும்பு கூடியதை ஊடுகதிர்ப் படங்களைக் கொண்டு மருத்துவர் உறுதி செய்வார்.