உதிரத்தை உள்ளிருந்தே அடைக்கும் உபாயம்

நிறைமாத கர்ப்பிணியின் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு 500 முதல் 700 மில்லி லிட்டர் வரை இரத்தம் பாய்ந்துகொண்டிருக்கிறது என்ற கணக்கை மனத்தில் கொண்டால், பிள்ளை பிறந்தபின் சில சமயம் நேரும் பெரும் உதிரப்போக்கு ஏன் இத்தனை விரைவில் உயிருக்கே உலை வைக்கிறது என்பது விளங்கும். பிரசவம் முடிந்ததும் கர்ப்பப்பை சுருங்கி இறுக, அதன் தசைநார்களின் ஊடே ஓடும் இரத்தக் குழாய்கள் நெரிபட்டு மூடிக்கொள்வதே இயற்கையின் ஏற்பாடு. அச்சுருக்கம் நேராமல் பை தளர்ந்து கிடப்பதே ஏறக்குறைய பத்தில் ஏழு பேருக்கு உதிரப்போக்கின் காரணம். கிழிசல், உள்ளே தங்கிய நஞ்சுக்கொடி, இரத்தம் உறையாமை ஆகியவை ஏனையவை.

ஆக்ஸிடோசின் ஊசி, பிள்ளை பிறந்து மூன்று மணி நேரத்துக்குள் தரவேண்டிய டிரானெக்ஸாமிக் அமிலம், கர்ப்பப்பைக்குள் வைத்து ஊதும் பலூன் ஆகியவற்றாலேயே பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். தேறாதவர்களுக்கு, வயிற்றைத் திறந்து இடுப்புத் தமனியைக் கட்டுவதும், அதற்கும் அடங்காவிட்டால் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவதுமே வெகுகாலம் வழியாக இருந்தன. உயிர் பெரிதுதான்; ஆனால் தலைப்பிரசவத்திலேயே இனிப் பிள்ளையில்லை என்று கேட்க நேர்வதைச் சிறிய துக்கமென்று யார் சொல்வார்?

ஸ்வீடன் நாட்டு ஸெல்டிங்கர், சஸ்திர சிகிச்சையின்றியே தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தும் முறையை 1953-இல் வெளியிட்டார். அவ்வழியைப் பின்பற்றி, முந்திய அறுவைகள் பலிக்காத ஒரு தாயின் உதிரப்போக்கைத் தமனியை அடைத்து நிறுத்திய செய்தி 1979-இல் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் வந்தது.

அடிவயிற்றுக்குக் கீழே, தொடையிடுக்கை மட்டும் மரக்கச் செய்து, அங்கே சில மில்லி மீட்டர் அளவே துளையிட்டுத் தமனிக்குள் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை நுழைக்கிறார்கள். எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைப் பாய்ச்சித் திரையில் பார்த்தவாறே அதை இடுப்புத் தமனிக்கும், அங்கிருந்து கர்ப்பப்பைத் தமனிக்கும் ஏற்றுகிறார்கள். இரத்தக் குழாயை விட்டு மருந்து கசிந்து பரவும் இடம் திரையில் தெரிந்தால், உதிரம் வெளியேறும் இடமும் அதுவே. பிறகு கத்தரிக்கோலால் பொடியாக நறுக்கிய ஜெலட்டின் பஞ்சை அதே மருந்தில் ஊறவைத்து, ஊசிக்குழலால் சிறிது சிறிதாகச் செலுத்துகிறார்கள். இரு பக்கத் தமனிகளிலிருந்தும் கர்ப்பப்பைக்கு இரத்தம் வருவதால் பெரும்பாலும் இரண்டையும் அடைக்கவேண்டியிருக்கிறது. தலைமடையை மட்டும் அடைத்தால் பக்க வாய்க்கால்கள் வழியே வயலுக்கு நீர் வந்துவிடுவதுபோல, இடுப்புத் தமனியைக் கட்டியும் கிளைகள் வழியே இரத்தம் வந்து சேர்வதுண்டு; இம்முறையோ கிளையின் உள்ளேயே சென்று அடைக்கிறது. பஞ்சு சில வாரங்களில் கரைய, தமனி மறுபடி திறந்துகொள்கிறது. பத்தில் ஒன்பது பேருக்கு ஏறக்குறைய இது பலிக்கிறது. மாதவிலக்கு திரும்பி, மறுபடி கருத்தரித்தவர்களும் உண்டு. ஆனால் அடுத்த பிரசவத்தில் நஞ்சு ஆழமாக ஒட்டிக்கொள்ளும் அபாயத்தைக் கவனிக்கவேண்டும். சில நாள் வலியும் காய்ச்சலும் இருக்கலாம். கர்ப்பப்பைத் திசு நசிப்பது அபூர்வம்.

நாடித் துடிப்பு தளர்ந்து, இரத்த அழுத்தம் சரிந்துவிட்ட நோயாளியை இதற்காக வேறோர் அறைக்கு எடுத்துச் செல்வதே ஆபத்தாகையால், அத்தகையோருக்குச் சஸ்திர சிகிச்சையே சரியான வழி. ஆதலால் தமனியை அடைக்கும் வசதி உள்ள ஆஸ்பத்திரிகள், அந்நிலை வருமுன்பே, இதைச் செய்யும் கதிரியக்க நிபுணரைக் கடைசி நம்பிக்கையாகக் கருதாமல், பலூன் தோற்ற கணமே அழைக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். முந்திய பிரசவத்தில் உதிரம் மிகுந்தவர்களும், நஞ்சு கீழிறங்கி இருப்பதாக ஸ்கானில் தெரிந்தவர்களும், இரத்த வங்கியும் இவ்வசதியும் எந்த ஆஸ்பத்திரியில் உள்ளன என்பதை மாதம் நிறையும் முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நலம்.